வாரத்துக்கு ஒரு கேள்வி

காஜா பேராங், மலாக்கா
3-2-1957

அன்புள்ள அத்தானுக்கு,

தம்பின் ஸ்டேஷனில் ரயில் கிளம்பிய பிறகும் நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நான் கையை ஆட்டிக்கொண்டே நின்றேன். பக்கத்தில் நின்ற சீனத்து அம்மாள் ஒருத்தி பரிதாபப்பட்டுத் தானும் சேர்ந்து கை ஆட்டினாள். அதற்காகவாவது நீங்கள் திரும்பியிருக்கலாம்.

சண்டையை மறுபடி ஆரம்பிக்கவில்லை. நேரில் சொல்ல வாய் வராததை மட்டும் எழுதிவிடுகிறேன். ஆகஸ்டில் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தால் நமக்கு இங்கே என்ன இடம், மன்னார்குடியில் அண்ணன் பள்ளிக்கூட வேலை பார்த்து வைத்திருக்கிறார், வருஷக் கடைசியில் கப்பலேறிவிடலாம் என்கிறீர்கள். உங்களுக்கு அது பிறந்த ஊர். பதினேழு வயதில் இங்கே வந்தவர் நீங்கள். எனக்கு அது நீங்கள் சொல்லிக் கேட்ட ஊர். நான் பிறந்து வளர்ந்தது இங்கே. இந்த நாட்டை விட்டு வர எனக்கு மனசில்லை.

போதும். பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன். அதில்தான் நமக்குள் சண்டை வராது.

என் நாலாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். பூகோளப் பாடத்தில் மலாயா மேப்பை மாட்டினால் பத்து நிமிஷத்தில் பாதிப் பேர் கொட்டாவி. போன செவ்வாய்க்கிழமை வெறுத்துப்போய், "ஒரு ஊரை மனசில் நினைத்திருக்கிறேன். கேள்வி கேட்டுக் கண்டுபிடியுங்கள். ஆமாம், இல்லை, இரண்டுதான் சொல்வேன்" என்றேன். அவ்வளவுதான். பெஞ்சுமேல் ஏறிவிட்டார்கள். "கடல் இருக்கா டீச்சர்?" "ரயில் நிக்குமா?" பண்டார் ஹிலிர் ஜவுளிக் கடை இப்ராஹீம் ராவுத்தர் மகள், சித்தி என்று பெயர், போன வருஷம் முழுக்க வாய் திறக்காதவள், மேப்பில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள்.

ஒரே கஷ்டம். நாலு நாளில் என்னைப் படித்துவிட்டார்கள். நான் எந்த ஊரை நினைக்கிறேனோ அந்தப் பக்கம் என் கண் போகிறதாம். என் கண் தெரியாத தூரத்தில் எதிராளி இருந்தால்தான் ஆட்டம் நடக்கும். உங்கள் வகுப்பு எங்களோடு விளையாடுமா? வாரம் ஒரு கடிதம், ஒரு கேள்வி, ஒரு பதில்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
சந்திரமதி


செராயா தோட்டப் பள்ளி, கூலிம், கெடா
9-2-1957

அன்புள்ள சந்திரா,

ரயிலில் கண்ணில் கரித்தூள் விழுந்துவிட்டது. அதனால்தான் திரும்பவில்லை. நீ நம்பமாட்டாய்.

இங்கே நிலவரம் சொல்கிறேன். ஒரே அறை, தகரக் கூரை, மூன்று வகுப்புக்கு நான் ஒருவன். பெரிய வகுப்பின் பதிவேட்டில் இருபத்தாறு பெயர். வருவது பதினொன்று. மற்றவர்கள் அப்பா அம்மாவோடு காலையில் ரப்பர்ப் பால்மரக் காட்டுக்குப் போகிறார்கள். பெண் பிள்ளைகள் பத்து வயதில் நின்றுவிடுகிறார்கள். வருகிறவர்களுக்கு வாசிப்பும் கணக்கும் ஏற்றவே பொழுது போதவில்லை. விளையாட்டெல்லாம் திடலில். வகுப்பில் வேண்டாம்.

கப்பல் விஷயத்தில் உன் மனசு தெரிந்தது. இன்னும் பத்து மாதம் இருக்கிறது. யோசி.

சேதுராமன்


காஜா பேராங்
17-2-1957

அத்தான்,

பத்து மாதம் யோசித்தாலும் அதேதான்.

இதோடு என் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கடிதம் இருக்கிறது. நான் எழுதச் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. ஒரு ஊரை ஒளித்து வைத்திருக்கிறார்கள். கெடாக்காரர்களுக்குப் பத்துக் கேள்விக்குள் கண்டுபிடிக்கத் துப்பு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். மரியாதைக் குறைவுக்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவர்கள் கேட்பதாக இல்லை.

கரித்தூளை நான் நம்பவில்லை.

சந்திரமதி


செராயா தோட்டம்
3-3-1957

அன்புள்ள சந்திரா,

பிள்ளைகள் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அதை எடுத்து வாசித்துவிட்டார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதென்று நான் நினைத்திருந்த பிள்ளைகள்! "துப்பு இருக்கிறதா" என்ற இடத்தில் கூச்சல். "சார், அவுங்களுக்குப் பதில் எழுதணும் சார். இன்னைக்கே எழுதணும்."

பொன்னம்மா என்று ஒரு பெண். பதினோரு வயது. காலையில் அம்மாவோடு போய்ப் ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்குகளைத் துடைத்துவிட்டுப் பத்து மணிக்குத்தான் வருவாள், அதுவும் வாரத்தில் இரண்டு நாள். அவள் கேட்டாள்: "சார், முதல்ல மேப்பக் காட்டுங்க. எதுக்குள்ள ஒளிச்சாங்கன்னு தெரியாம எப்படித் தேடுறது?"

எங்களிடம் மேப்பே இல்லை, சந்திரா. கூலிம் போய் ஒன்று வாங்கி வந்தேன். திங்கட்கிழமை பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள்.

கேள்வி: கடல் பக்கத்து ஊரா?

சேது


காஜா பேராங்
7-4-1957

அத்தான்,

ஐந்தே கேள்வியில் குவா மூசாங்கைப் பிடித்துவிட்டார்களே! கடல் இல்லை, சுல்தான் அரண்மனை இல்லை, ரயில் உண்டு, மேற்குப் பக்கம் இல்லை என்றதும் நேராகக் கிளந்தானில் போய் நின்றிருக்கிறார்கள். கிளந்தான் உள்நாட்டில் ரயில் ஓடுவது உங்களுக்கே தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். தஞ்சாவூர் ஜில்லாவைத் தாலுகா தாலுகாவாக ஒப்பிப்பீர்கள், பத்தொன்பது வருஷமாகச் சம்பளம் வாங்குகிற நாட்டில் ரயில் எங்கே போகிறதென்று தெரியவில்லை. சும்மா சொன்னேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே ஒரு தடங்கல் வந்தது. தலைமையாசிரியர் கலியாணசுந்தரம் ஐயா கூப்பிட்டு, "அம்மா, இது பள்ளிக்கூடமா, பொருட்காட்சியா? இன்ஸ்பெக்டர் வந்தால் நான் என்ன சொல்வது?" என்றார். வகுப்பில் இனி ஆட்டம் கூடாதாம். சரி என்று சொல்லிவிட்டு, இடைவேளையில் ஜம்பு மரத்தடிக்கு மேப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். முப்பத்தெட்டுப் பேரும் பசியாறாமல் பின்னால் வந்தார்கள். நாலாம் நாள் திரும்பிப் பார்த்தால் ஐயா பின்னால் நிற்கிறார். கையைக் கட்டிக்கொண்டு, எங்கோ பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்கிறார்: "அடுத்த தடவை ஜெலேபு என்கிற ஊரை ஒளியுங்கள். ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது."

மறுநாளிலிருந்து வகுப்பிலேயே ஆடுகிறோம். இனி ஒளிப்பது உங்கள் முறை.

சந்திரமதி


செராயா தோட்டம்
19-5-1957

சந்திரா,

உன் பிள்ளைகளின் புகார்க் கடிதம் வந்தது. "சினிமாக் கொட்டகை உண்டா?" என்ற கேள்விக்கு "மாசத்துக்கு ஒரு தடவை வேனில் வந்து திரை கட்டிக் காட்டுவார்கள்" என்று பதில் எழுதியது குற்றம்தான். ஆமாம், இல்லை, இரண்டுதான் சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்கிறோம்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். பொறுக்காமல் வாரம் இரண்டு கேள்வியாக அனுப்பியதில் இன்றோடு உங்களுக்குப் பத்துக் கேள்வி முடிந்தது. நீங்கள் தோற்றீர்கள். ஆனால் தோற்காமல் இருக்கவும் முடியாது. பொன்னம்மா எல்லாரையும் கூட்டிக் குசுகுசுவென்று பேசி ஒளித்து வைத்தது எங்கள் செராயா தோட்டத்தை. என்னிடமும் சொல்லவில்லை. நான் வேறு ஏதோ ஊர் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் சொன்ன பதிலை எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, நம் தோட்டம் மேப்பிலேயே இல்லையே" என்றேன்.

அவள் நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தாள். விரலை வைத்துக்கொண்டு கூலிமைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். பிறகு கேட்டாள், "முந்நூறு பேர் இருக்கோம். எப்படி சார் இல்லாம இருக்கும்?"

அவள் கேட்டதை அப்படியே உனக்கு எழுதுகிறேன். எங்கள் பிள்ளைகளைக் கள்ளாட்டம் என்று திட்டாமல் உன் வகுப்பை எழுதச் சொல்.

இங்கே இப்போது இருபத்துநாலு பேர் வருகிறார்கள். பிரம்பு எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. நேற்றுத் தேடினேன், அகப்படாததும் விட்டுவிட்டேன்.

சேது


காஜா பேராங்
9-6-1957

அத்தான்,

திட்டத்தான் திட்டினார்கள். "கள்ளாட்டம்! மேப்பில் இல்லாத ஊரை எவன் கண்டுபிடிப்பான்!" என்று ஒரே ரகளை. நான் உங்கள் கடிதத்தில் பொன்னம்மா கேட்டதை வாசித்துக் காட்டினேன். பிறகு சித்திதான், "டீச்சர், அப்ப மேப்புதான் தப்பு" என்றாள்.

நம் தெருக் கடைசியில் செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்பில் தம்பிராஜா இருக்கிறாரே, நில அளவை ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி, பெயரைக் கேட்டால் நம் ஆள், வாயைத் திறந்தால் மலாய் என்று நீங்கள் ஆச்சரியப்படுவீர்களே, அவரிடம் போனேன். எனக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஆபீஸில் துரையிடம் கேட்டு, பெரிய அளவு வரைபடத்திலிருந்து உங்கள் பக்கத்துத் துண்டை மட்டும் மெல்லிய தாளில் கையால் வரைந்து கொண்டுவந்து கொடுத்தார். அதில் இருக்கிறது அத்தான்! ஆறு இருக்கிறது, ஸ்டோர் இருக்கிறது, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் ஆறு கறுப்புக் கோடுகளாக இருக்கின்றன. பெயர்கூடப் போட்டிருக்கிறது.

அதை அனுப்புகிறேன். முதலில் பொன்னம்மா கையில் கொடுங்கள். தோட்டம் ஜெயித்தது என்று நாலாம் வகுப்பு ஒப்புக்கொள்கிறது.

சந்திரமதி


செராயா தோட்டம்
23-6-1957

அன்புள்ள சந்திரா,

பொன்னம்மாவிடம் கொடுத்தேன். தரையில் விரித்து வைத்து இருபத்துநாலு தலையும் ஒன்றாகக் குனிந்தது. "இது நம்ம ஆறு." "இது ஸ்டோர்." அவள் நாலாவது கோட்டில் நகத்தை வைத்து, "இதுல மூணாவது வீடு நாங்க" என்றாள். சாயங்காலம் அவள் அம்மா வந்து பார்த்தாள். பிறகு ஒவ்வொருவராகப் பெரியவர்களும் வந்தார்கள். ஆட்களை வேலை வாங்கும் தண்டல் முருகேசன் பார்த்துவிட்டுப் போனான். பத்து நிமிஷத்தில் சட்டை போட்டுக்கொண்டு மறுபடி வந்து பார்த்தான்.

இதற்கு மேல் எழுதப்போவது உனக்குப் பிடிக்காது. எழுதாமல் இருக்க முடியவில்லை. அண்ணனிடமிருந்து நேற்றுக் கடிதம். டிசம்பருக்குள் வந்து சேராவிட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். இங்கே தோட்டத்தில் தினமும் இதே பேச்சு. வெள்ளைக்காரன் போன பிறகு என்ன ஆகுமோ என்று நாலு குடும்பம் கப்பலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. நாமும் எழுதிக் கொடுத்துவிடலாமா? ஒரு வரி எழுது. போதும்.

சேது


காஜா பேராங்
30-6-1957

அத்தான்,

ஒரு வரி: நீங்கள் போனால் நான் இங்கே இருப்பேன், நீங்கள் திரும்பி வரும்வரை இருப்பேன்.

இதை எழுதிவிட்டு நாள் முழுக்கத் தபால் பெட்டிக்கும் வீட்டுக்கும் நடந்தேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். வேறு வரவில்லை.

சந்திரமதி


செராயா தோட்டம்
11-8-1957

சந்திரா,

ஆறு வாரமாக நான் எழுதவில்லை. பிள்ளைகள் கேள்விக் கடிதம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதில் என் கையெழுத்தைத் தேடினாய் என்று சித்தி எழுதியிருந்தாள். உன் வகுப்பில் ரகசியம் தங்காது.

கப்பலுக்கு எழுதிக் கொடுத்த நாலு குடும்பத்தில் பொன்னம்மா குடும்பமும் ஒன்று. அவள் அப்பா முடிவெடுத்ததை அவளிடம் கடைசி வாரம்தான் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை நான் அவர்களோடு பினாங்குவரை போனேன். வாத்தியார் வந்தால் தைரியம் என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டாள். உண்மையைச் சொல்கிறேன், கப்பல் ஆபீஸில் நமக்கும் விசாரித்து வரலாம் என்று நினைத்துத்தான் போனேன்.

கப்பல் துறையில் தகரப் பெட்டிகள், பாய்ச் சுருட்டுகள், அழுகை. பொன்னம்மா அழவில்லை. தம்பிராஜாவின் தாளை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். என்னிடம் வந்து கேட்டாள்:

"சார், நாங்க போற ஊரு எந்த மேப்புல இருக்கு?"

"இந்தியா மேப்பில் இருக்கும்மா."

"அங்க கடல் இருக்கா?"

"இல்லை என்று நினைக்கிறேன்."

"ஆறு இருக்கா?"

அவள் அப்பாவைப் பார்த்தேன். அவர் சொன்னார், "எனக்கும் சரியாத் தெரியாது வாத்தியாரே. நான் வந்தப்ப மூணு வயசு."

அந்த மனிதர் போவதற்கு ஒரு காரணம்கூட அவரிடம் இல்லை, சந்திரா. எல்லாரும் பயந்தார்கள், அவரும் பயந்தார். அவ்வளவுதான். அந்தப் பெண் பத்துக் கேள்வியும் என்னிடம் கேட்டாள். நான் ஒன்றுக்குக்கூட நிச்சயமாகப் பதில் சொல்லவில்லை. படகில் ஏறும்போது தாளை என்னிடம் நீட்டி, "வகுப்புல மாட்டிடுங்க சார். மத்தவங்க தேடுவாங்க" என்றாள். நீயே வைத்துக்கொள் என்று அவள் கையை மூடிவிட்டேன்.

கப்பல் ஆபீஸ் எதிரேதான் இருந்தது. நான் உள்ளே போகவில்லை. கூலிம் பஸ்ஸில் உட்கார்ந்து வரும் வழியெல்லாம் அழுதேன். பக்கத்துச் சீட்டு மலாய்க்காரர் ஏதோ கேட்டார். அவருக்குப் பதில் சொல்லக்கூட என்னிடம் பாஷை இல்லை.

உனக்கு எழுதிய "யோசி" என்ற வார்த்தைக்காக வெட்கப்படுகிறேன். யோசிக்காதவன் நான்தான்.

சேது


காஜா பேராங்
1-9-1957

என் அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். பொன்னம்மாவை நான் பார்த்ததே இல்லை. என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரும் அவளைப் பார்த்ததில்லை. சொன்னபோது சித்தி எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் ஊர் விலாசம் கிடைத்தால் எழுதுங்கள். வாரம் ஒரு கேள்வி அங்கேயும் போகட்டும். கடல் கடந்து போக நாளாகும், ஆகட்டும்.

நேற்றுச் சுதந்திரம். பண்டார் ஹிலிர் திடலுக்கு வகுப்போடு போனோம். கொடி, பேண்டு வாத்தியம், நல்ல வெயில். கலியாணசுந்தரம் ஐயா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, எல்லாரும் மலாயில் சுதந்திரக் கோஷமாக "மெர்டேக்கா" என்று கத்தும்போது ஒரு வினாடி தாமதமாகத் தனியாகக் கத்தினார். பிள்ளைகள் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார்கள். நானும்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, நீங்கள் அந்தப் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்துவிட்டது.

வெட்கப்பட வேண்டாம். என்னை விட்டுவிட்டுப் போகத் தெரியாமல்தானே இத்தனை நாள் எழுதாமல் இருந்தீர்கள்? எனக்கு அது போதும்.

உங்கள்
சந்திரா


செராயா தோட்டம்
20-10-1957

அன்புள்ள சந்திரா,

அண்ணனுக்கு எழுதிவிட்டேன். "நான் வரவில்லை. கோபம் தீர்ந்ததும் நீங்கள் இங்கே ஒரு தடவை வந்து போங்கள்" என்று எழுதினேன். இன்னும் பதில் இல்லை. வருத்தம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. அம்மா இறந்த வீடு அது.

குடியுரிமைக்கு மனுக் கொடுத்தேன். இங்கே பிறக்காதவனுக்குக் கொஞ்சமாவது மலாய் பேசத் தெரிய வேண்டுமாம். வாத்தியாருக்கு வகுப்பே வாத்தியார் ஆகிவிட்டது. மூன்று வாரம் தினமும் பாடம். நான் தப்பாகச் சொன்னால் பெஞ்சைத் தட்டுகிறார்கள். கூலிம் ஆபீஸில் அதிகாரி நல்ல மனிதர். வீடு எங்கே என்று மலாயில் கேட்டார். நான் ஆறு, ஸ்டோர், லயம், பள்ளிக்கூடம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, "சுக்குப், சிக்கு, சுக்குப்" என்றார். போதும் வாத்தியாரே, போதும் என்று அர்த்தம். வெளியே வந்தால் ஜன்னலுக்கடியில் ஆறு பிள்ளைகள்! பஸ் ஏறி என் பின்னாலேயே வந்திருக்கிறார்கள்.

மலாக்காவுக்கு மாற்றல் கேட்டும் எழுதிவிட்டேன். இந்தப் பிள்ளைகளை விட்டு வருவது சுலபமாக இல்லை. வேறு வாத்தியார் வரும்வரை பள்ளியைப் பூட்டிவிடுவார்களோ என்றும் பயம். ஆனால் நீ மலாக்காவை விடமாட்டாய். எனக்கும் தனியாகச் சமைத்துத் தின்று அலுத்துவிட்டது.

சேது


காஜா பேராங்
3-11-1957

என் அத்தானுக்கு,

மாற்றல் மனுவை உடனே திரும்ப வாங்குங்கள். மலாக்காவை விடமாட்டேன் என்று நீங்களாக முடிவு செய்துகொண்டால் நான் என்ன செய்வது?

தோட்டப் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள், ஆசிரியைகள் அங்கே போனால் நிற்கமாட்டார்கள் என்று கல்வி ஆபீஸிலிருந்து சுற்றறிக்கை வந்தது. கலியாணசுந்தரம் ஐயா அதை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் அன்றைக்கே மனு எழுதினேன். நேற்றுப் பதில் வந்தது. ஜனவரியிலிருந்து செராயா தோட்டப் பள்ளியில் இரண்டாவது ஆசிரியை நான். உங்களிடம் முன்பே சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் இரண்டு பேரும் ஏமாற வேண்டாம் என்றுதான்.

அழாமல் போகிறேன் என்று பெருமை பேசமாட்டேன். அம்மாவிடம் சொல்லி முடித்தேன்; அப்பாவிடம் இன்னும் இல்லை. என் வகுப்பை யார் எடுப்பார்கள் என்று கேட்டேன். ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான்தான் எடுக்கவேண்டியிருக்கும். வேறு யாருக்கு ஊர் ஒளிக்கத் தெரியும்?" என்றார். ஜாக்கிரதையாக இருங்கள், அவர் ஒளிக்கிற ஊர்களைக் கண்டுபிடிக்க நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார வேண்டியிருக்கும்.

தகரக் கூரை ஒழுகுமா, கிணறு எவ்வளவு தூரம், அம்மி இருக்கிறதா என்று எழுதுங்கள். இதற்கெல்லாம் ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் போடாதீர்கள். விவரமாக வேண்டும்.

டிசம்பர் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, மத்தியானப் பஸ்ஸில் கூலிம் வந்து இறங்குவேன். பஸ் ஸ்டாண்டுக்கு நீங்கள் மட்டும் வந்தால் போதும். வகுப்பையே கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அவர்களையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். முதல் அரை மணி நேரமாவது எனக்கு உங்களோடு பேச வேண்டும்.

உங்கள்
சந்திரா